பகுதியெண்

அறுபத்தெட்டு வீதம் என்று எழுதியிருந்தது,
ரோஜா நிறத்தில், ஒரு குழந்தையின் பாதத்துக்குப் பக்கத்தில்.
பதினாறு வருடமாகக் கணக்காய்வில் இருக்கிறேன்.
பாதத்தைப் பார்க்கவில்லை என்றால் பொய்.
பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்:
எத்தனை பேரில்?

பினாங்கிலிருந்து திரையில் வந்த புஷ்பவல்லி
நல்லவள். என்னை அக்கா என்றாள்.
எங்களுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் என்றாள்.
விமான நிலையத்துக்கு வான் வரும்,
அறையில் ரைஸ் குக்கர் உண்டு, பக்கத்தில் முருகன் கோயில் உண்டு.
அப்போதுதான் வெள்ளவத்தையின் மாலை ரயில்
எங்கள் யன்னல் கண்ணாடியைப் பல்லால் கடித்துக்கொண்டு போனது.
அது போய் முடியும்வரை
இரண்டு பேரும் சிரித்தபடி இருந்தோம்.

இருபத்திரண்டு வருடம் கட்டடத்துக்கா,
முட்டையைத் தொடுகிற கைக்கா?
ஆய்வுகூடத்தில் இப்போது நிற்பவர் எப்போது சேர்ந்தார்?
என்னைப் போல் நாற்பதை அண்டியவர்கள்
போன வருடம் எத்தனை பேர்?
இரத்தப் பரிசோதனை நல்லபடி வந்ததை வெற்றி என்கிறீர்களா,
அழுகைச் சத்தம் கேட்டதையா?
ஊசி தொடங்கி, முட்டை வளராமல்,
பாதியில் விமானம் ஏறியவர்களை
எந்தப் பக்கத்தில் எழுதுகிறீர்கள்?

மயூரதன் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினான்.
கார் வாங்கப் போனாலும் நீ
மைல்மீற்றரைத்தான் முதலில் பார்ப்பாய் என்றான் பிறகு.
ஓம். அந்தக் காரைத்தான் இப்போது விற்றிருக்கிறோம்.
நாரஹேன்பிட்டயில் இரண்டு தடவை
ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தேன்.
கேட்டால் சகுனம் கெடும் என்று பயந்த பட்டதாரி நான்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது.
நாற்பதை அண்டியவர்கள் முப்பத்தொரு பேர்.
குழந்தை, ஐந்து.
பாதியில் போனவர்களைத் தாங்கள் எண்ணுவதில்லை.

சனிக்கிழமை தெஹிவளையில் ரிஸ்மியாவைச் சந்தித்தேன்.
மருத்துவமனை தந்த பெயர் அல்ல.
அவர்கள் தந்த மூவருக்கும் இரட்டைப் பிள்ளைகள்.
இவள் என் பல் வைத்தியரின் மைத்துனி.
பிளேன்டீக்குச் சீனி வேண்டாம் என்றாள்,
பிறகு தானே இரண்டு கரண்டி போட்டாள்.

“பொய் சொல்லல்ல, அது ஒண்டு.
தொடங்கக்குள்ள ஒரு டொக்டர், எடுக்கக்குள்ள வேற ஆள்.
கை நல்லம். என்ட பேரைத்தான் பிழையாக் கூப்பிட்டார்.
சரி வரல்ல எண்டு சொல்லவும்
அவரே ஃபோன் எடுத்தார். நர்ஸிட்ட குடுக்கல்ல.”

திரும்பப் போவீங்களா?

“இன்னும் ரெண்டு அங்க ஐஸில ஈக்குது.
ஒவ்வொரு ஜனவரியும் வாடகை அனுப்புறன்.”

புஷ்பவல்லியின் விலைப்பட்டியலில் அந்த வாடகை இல்லை.
குறித்துக்கொண்டேன்.
எழுத்து கோணியது காசை நினைத்து அல்ல.
உங்களை முப்பத்தொன்றில் எண்ணினார்களா
என்று கேட்க வாயெடுத்து,
பஸ்ஸுக்கு நேரமாகுது என்றேன்.

இரவு, மின்சாரப் பட்டியலின் முதுகில்
மேலே ஐந்து எழுதி, ஒரு கோடு இழுத்து,
கீழே முப்பத்தொன்று எழுதினேன்.
ஆறாம் வகுப்பில் படித்ததுதான்:
மேலே தொகுதி, கீழே பகுதி.
மேலே போவதற்கு என்னிடம் ஒரு உறுதியும் இல்லை.
கீழே நிற்பதற்குக் காசு கட்டினால் போதும்.
ஒன்றை வெட்டி இரண்டாக்கினேன்.
முப்பத்திரண்டு.

மயூரதன் குனிந்து பார்த்தான்.
பகுதி கூடினால் வீதம் குறையுமே என்றான்.

குறையும், என்றேன்.
அந்த வான் எத்தனை மணிக்கு வரும் என்று
கேட்டுப் பார்.